கோல்ஃப் டிரைவர் தலையில் 10 கிராம் கூட்டினால் பந்து தூரம் போகுமா?

கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் கிளப்பான டிரைவரின் தலையில், அடிப்பக்கத்தில் இருக்கும் திருகு எடையைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கனமான ஒன்றை மாட்டினால் பந்து கூடுதல் தூரம் போகுமா? ஈயப் பட்டை ஒட்டிக்கொண்ட காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. டெய்லர்மேட் நிறுவனம் 2004இல் ஆர்7 குவாட் என்ற டிரைவரில் நான்கு எடைகளை ஆடுபவரே மாற்றிக்கொள்ளும்படி வைத்தபோது, சாதாரண ஆட்டக்காரரின் கைக்கே அது வந்துவிட்டது. இன்று 2 கிராமில் தொடங்கி 20 கிராமைத் தாண்டியும் எடைகள் தனியாகக் கிடைக்கின்றன. மாட்டுவதற்கு ஒரு சாவி போதும் என்பதால், புது டிரைவர் வாங்குவதைவிட இது மலிவான வழியாகத் தெரிகிறது.

இங்கே ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து அலசுகிறேன். தலை 200 கிராம், நீளம் 45 அங்குலத்தைச் சுற்றி, மணிக்கு 100 மைல் வேகத்தில் சுழற்றும் ஆட்டக்காரர். தலையில் 10 கிராம் கூட்டுகிறோம். வேறு எதையும் தொடவில்லை. என்ன ஆகும்? அதன் பிறகு, எடையையும் நீளத்தையும் எதிரெதிர் திசையில் மாற்றிப் பார்த்த இரண்டு தொழில்முறை வீரர்களுக்கு வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை கூடியதால் மட்டும் தூரம் கூடாது. அந்த எடை தலையில் எந்த இடத்தில் உட்காருகிறது, அதனால் பந்து முகத்தின் (தலையில் பந்தை அடிக்கும் பக்கத்தின்) நடுவில் படுவது கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் தூரத்தை மாற்றும்.

மோதல் நடக்கும் அந்த அரை மில்லி வினாடி

தலையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி வினாடிக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் பந்து நின்ற இடத்திலிருந்து மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் முகம் பந்தைத் தள்ளும் சராசரி விசை ஏறக்குறைய 700 கிலோ எடைக்கு ஈடானது. இவ்வளவு குறுகிய நேரத்தில் ஷாஃப்ட்டின் (தண்டின்) மேல்பகுதியோ நம் கைகளோ மோதலில் கலந்துகொள்ள வழியே இல்லை. தலையும், அதை ஒட்டிய கொஞ்சம் ஷாஃப்ட் நுனியும்தான் பந்தை அடிக்கின்றன. கிரிப்பின் (கைப்பிடியின்) அடியில் எடை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது கையில் தெரியும் உணர்வை மாற்றும், சுழற்சியின் தாளத்தையும் மாற்றலாம். பந்தின் மீது விழும் அடியில் அதற்குப் பங்கு கிடையாது.

ஆகவே கணக்கில் வரும் எடைகள் இரண்டுதான். விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தலை 200 கிராம். இதோடு முகத்தின் துள்ளல் அளவும் (மோதும் வேகத்தில் எவ்வளவு பங்கு பிரியும் வேகமாகத் திரும்புகிறது என்பது) சேரும். அது 0.83ஐத் தாண்டக் கூடாது என்று விதி கட்டுப்படுத்தியிருக்கிறது. நல்ல டிரைவர்கள் எல்லாம் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. நடு முகத்தில் நேராகப் பட்டால் பந்தின் வேகம் இப்படி வரும்: துள்ளல் அளவோடு ஒன்றைக் கூட்டுங்கள், 1.83. பந்தின் எடையைத் தலையின் எடையால் வகுத்து அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், 1.23. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 1.488. தலையின் வேகத்தை இதால் பெருக்கினால் பந்தின் வேகம். ஆட்டக்காரர்கள் ஸ்மாஷ் ஃபேக்டர் என்று சொல்வது இந்த எண்ணைத்தான்.

களத்து அளவும் இதோடு ஒத்துப்போகிறது. பந்தின் வேகத்தை அளக்கும் கருவிகள் செய்யும் டிராக்மேன் நிறுவனம் பல ஆண்டுகள் வெளியிட்டுவந்த சராசரிப்படி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஆடும் ஆண்கள் 113 மைலில் சுழற்றி 167 மைல் பந்து வேகம் பெற்றார்கள். பெண்களுக்கான எல்பிஜிஏ தொடரில் ஆடுபவர்கள் 94 மைலில் சுழற்றி 140 மைல் பெற்றார்கள். உடல் வலுவில் அவ்வளவு வேறுபாடு இருந்தும், இரு தரப்புக்கும் விகிதம் 1.48 அளவில்தான் நிற்கிறது.

இப்போது தலையை 210 கிராம் ஆக்குவோம். விகிதம் 1.502 ஆகிறது. சுழற்சி வேகம் 100 மைலிலேயே நின்றால் பந்து வேகம் 148.8இலிருந்து 150.2 ஆகும். பந்து வேகத்தில் ஒரு மைலுக்குச் சுமார் 2 யார்டு என்று வைத்தால், கிடைப்பது 3 யார்டுக்கும் குறைவு. எடை 5 சதவீதம் கூடியும் பந்து வேகம் கூடியது 0.9 சதவீதம்தான். தலை பந்தைவிட ஏற்கெனவே நான்கு மடங்குக்கு மேல் கனமாக இருப்பதுதான் காரணம். இன்னும் எடை ஏற்றினால் பலன் மேலும் மேலும் சுருங்கும். தலையை எல்லையில்லாத கனமாக ஆக்கினால்கூட விகிதம் 1.83ஐத் தாண்டாது.

ஆனால் சுழற்ற வேண்டியது மனிதர்

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேகம் 100 மைலிலேயே நிற்கும் என்று எடுத்துக்கொண்டோம். அது நிற்காது.

ஆட்டக்காரர்களிடம் வெவ்வேறு எடையுள்ள கிளப்களைக் கொடுத்து அளந்த இயற்பியலாளர்கள் கண்ட போக்கு, தலையின் எடை 5 சதவீதம் கூடினால் வேகம் சுமார் 1 சதவீதம் குறைகிறது என்பது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு அதுதான். அதைப் போட்டுப் பார்த்தால் 210 கிராம் தலை 99.1 மைலில் வருகிறது. பந்து வேகம் 148.8. முதலில் இருந்த அதே எண்!

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது. மற்ற எடைகளுக்கும் இதே விதியைப் போட்டுப் பாருங்கள். 180 கிராம், 190 கிராம், 220 கிராம் எதைப் போட்டாலும் பந்து வேகம் 148.7க்கும் 148.8க்கும் இடையில்தான் விழுகிறது. வரைபடமாகப் போட்டால் உச்சி ஒரு முனையாக இருக்காது, நீண்ட சமதளமாக இருக்கும். அந்தச் சமதளத்தை விட்டு வெகுதூரம் போனால்தான் சரிவு தெரியும். 400 கிராம் என்றால் பந்து வேகம் 144 மைல் அளவுக்கு இறங்குகிறது. 100 கிராம் என்றாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவ்வளவு தொலைவுக்கு இந்த விதி துல்லியமாகப் பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன், திசை சரியானது. சம்மட்டியால் ஆணி அடிக்கப் போனால் ஓங்குவதற்கே நேரம் போய்விடுகிறது அல்லவா, அந்தச் சிக்கல்தான்.

தலையின் வரலாறும் இதையே சொல்கிறது. பெர்சிமன் மரத்தில் செய்த பழைய டிரைவர்களின் தலையும் 200 கிராமை ஒட்டித்தான் இருந்தது. 1991இல் காலவே நிறுவனம் வெளியிட்ட பிக் பெர்த்தா டிரைவரின் எஃகுத் தலை 190 கன சென்டிமீட்டர். 1995இல் வந்த கிரேட் பிக் பெர்த்தா டைட்டேனியத்தில் 250ஐத் தொட்டது. 2004இல் விதி 460இல் கோடு போட்டது. கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது, எடை மட்டும் அங்கேயே நின்றது. மெல்லிய டைட்டேனியத்தால் மிச்சமான கிராம்களைத் தலையைக் கனமாக்க எவரும் செலவழிக்கவில்லை. ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் நகர்த்தினார்கள். கூடுதல் எடை தூரத்தைக் கூட்டும் என்றால், போட்டி போட்டுக்கொண்டு தூரத்தை விற்கும் இந்தத் தொழில் அதை என்றைக்கோ செய்திருக்கும்.

அமெரிக்க வீரர் ஜாக் நிக்லாஸ் 1963இல் டல்லாஸில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பையொட்டிய தூர அடிப் போட்டியில் பெர்சிமன் தலை, எஃகு ஷாஃப்ட் கொண்ட டிரைவரால் 341 யார்டு 17 அங்குலம் அடித்தார். அந்தக் கிளப்பின் மொத்த எடை இன்றைய டிரைவரைவிட நிறையவே அதிகம். ஆனால் அந்த அதிகமும் பெரும்பாலும் ஷாஃப்ட்டில்தான் இருந்தது. எஃகு ஷாஃப்ட் 120 கிராமைத் தாண்டும். இன்றைய கிராஃபைட் ஷாஃப்ட் 50 முதல் 70 கிராம்.

எடை எங்கே உட்காருகிறது

சரி, அப்படியானால் திருகு எடைகள் வீண் வேலையா? இல்லவே இல்லை. அவற்றின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த 10 கிராமைத் தலையின் பின்முனையில், ஈர்ப்பு மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பின்னுக்கு நகரும். தலை முறுகுவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன், அதாவது எம்ஓஐ, ஏறக்குறைய 470 அலகு கூடும். 5,000 அளவிலுள்ள தலைக்கு அது 9 சதவீத உயர்வு. பந்து வேகத்தில் ஒரு சதவீதத்தைக்கூடத் தர முடியாத அதே 10 கிராம், தவறிய அடிகளில் தலை முறுகுவதை இவ்வளவு குறைக்கிறது. பிங் நிறுவனம் 2021இல் ஜி425 மேக்ஸ் டிரைவரின் பின்னால் 26 கிராம் டங்ஸ்டனை வைத்தது இதற்காகத்தான். செங்குத்து அச்சில் எம்ஓஐ 5,900க்கு மேல் போகக் கூடாது, அளவீட்டுச் சலுகை 100 என்று விதி ஒரு கூரை போட்டிருப்பதும் இது நிஜமான பலன் என்பதால்தான்.

முன்னால் வைத்தால் கதை வேறு. 2013இல் டெய்லர்மேட்டின் எஸ்எல்டிஆர் டிரைவர் 20 கிராம் நகரும் எடையை முகத்துக்குப் பின்னால் தாழ்வாக வைத்தது. ஈர்ப்பு மையம் தாழ்ந்து முன்னால் வந்ததும் பந்தின் பின்சுழல் குறைந்தது, ஏறும் கோணமும் குறைந்தது. அதைச் சரிக்கட்ட லாஃப்ட்டை (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை) கூட்டுங்கள் என்று அந்த நிறுவனமே விளம்பரம் செய்தது. வேகமாகச் சுழற்றி, சுழல் அதிகமாகி, பந்து வானத்தில் எழும்பி விழுந்துகொண்டிருந்தவர்களுக்கு அது உண்மையிலேயே தூரம் கொடுத்தது. 85 மைலில் சுழற்றுபவர் பழைய லாஃப்ட்டிலேயே அதை அடித்தால் பந்து போதிய உயரம் பிடிக்காமல் சீக்கிரம் இறங்கிவிடும். எம்ஓஐயும் குறைவு என்பதால் ஓரத்தில் பட்ட அடிகளுக்குத் தண்டனை கூடுதல். 2015இல் வந்த எம்1 டிரைவரில் பக்கவாட்டில் ஒன்று, முன்பின்னாக ஒன்று என்று எடை நகர இரண்டு தடங்கள் வைத்தார்கள். முன்னால் மட்டும் எடை வைப்பது எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அந்த வடிவமைப்பே ஒப்புக்கொள்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) எடை வைத்தால் முகம் மூடுவது எளிதாகிப் பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும், டோ பக்கம் (அதன் எதிர்முனை) வைத்தால் எதிர்ப்பக்கம் (வலக்கை ஆட்டக்காரருக்கு). ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளையும் பந்து, அடிப்பவருக்கு ஹீலில் கூட்டிய 10 கிராம் தூரம் தந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எடை தூரத்தைத் தரவில்லை, வளைவைக் குறைத்தது.

ஷாஃப்ட்டும் சும்மா இருப்பதில்லை. தலை 5 சதவீதம் கனத்தால் அதிர்வு எண் 2 சதவீதத்துக்கு மேல் குறையும். நிமிடத்துக்கு 250 அதிர்வு உள்ள ஷாஃப்ட்டில் அது 6 அதிர்வு. ஒரு ஃப்ளெக்ஸுக்கும் (ஷாஃப்ட்டின் விறைப்பு நிலை) அடுத்ததற்கும் சுமார் 10 அதிர்வு வித்தியாசம் என்று வைத்தால், அரை ஃப்ளெக்ஸ் இளகியது போல ஆகிவிடும். ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட்டை விரும்பி வாங்கியவர், எடை மாற்றிய பிறகு பந்து இடப்பக்கம் போகிறது என்று ஸ்விங்கைத் திருத்த உட்காரக் கூடாது.

42 அங்குலமும் 47.9 அங்குலமும்

எடையைத் தனியாகப் பார்க்க முடியாது, நீளத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிளப் மேக்கர்கள் ஸ்விங்வெயிட் என்ற அளவில் இரண்டையும் ஒன்றாக எடைபோடுகிறார்கள். கிரிப் முனையிலிருந்து 14 அங்குலத்தில் கிளப்பைத் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பது அது. ஆண்கள் டிரைவர் பெரும்பாலும் டி2, டி3, டி4 என்ற புள்ளிகளில் இருக்கும். தலையில் 2 கிராம் கூடினால் ஒரு புள்ளி, நீளம் அரை அங்குலம் கூடினால் 3 புள்ளி. நம் 10 கிராம் டிரைவரை டி2இலிருந்து டி7க்குக் கொண்டுபோய்விடும். உணர்வு பழையபடி இருக்க வேண்டுமானால் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டும்.

2016 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை பால்டஸ்ரால் மைதானத்தில் வென்ற ஜிம்மி வாக்கருக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பந்தை ஃபேர்வேயில் (குழி நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளியில்) வைப்பதில்தான் டூர் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தார். 2017 ஜனவரியில் ஹவாயின் கபலுவாவில் நடந்த டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் போட்டிக்கு 42 அங்குல டிரைவரோடு வந்தார். டூர் சராசரி 44.5 அங்குலத்தைச் சுற்றி இருந்த காலம் அது. முதல் சுற்றை 65 ஷாட்டில் முடித்து, அடுத்தவரைவிட இரண்டு ஷாட் குறைவு என்ற கணக்கில் முன்னிலை பெற்றார். (போட்டியைக் கடைசியில் வென்றவர் ஜஸ்டின் தாமஸ்.)

சராசரியைவிட இரண்டரை அங்குலம் குறைந்தால் ஸ்விங்வெயிட் 15 புள்ளி விழும். அதை முழுவதும் ஈடுகட்டத் தலையில் 30 கிராம் ஏற்ற வேண்டும். அவ்வளவும் ஏற்றுவது வழக்கமில்லை, ஆனால் குட்டை டிரைவருக்குக் கனமான தலை தேவை என்ற திசை தெளிவு. என் பார்வையில் எடை கூட்டுவதற்கு இதைவிட நியாயமான காரணம் கிடையாது. நீளம் குறைவதால் கொஞ்சம் வேகம் போகும். கனமான தலை மோதலில் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மீதியை நடு முகத்தில் படும் அடிகள் தரும். ஓரத்தில் பட்டு ஸ்மாஷ் 1.48இலிருந்து 1.42க்கு இறங்கினால், 100 மைல் சுழற்றுபவருக்கு 6 மைல் பந்து வேகம், சுமார் 12 யார்டு போச்சு. 10 கிராம் தருவதாகச் சொல்லும் 3 யார்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபில் மிக்கல்சன் நேர்மாறாகப் போனார். 2021 மே மாதம் கியாவா தீவில், 50 வயதில், பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவரானார். அவர் கையில் இருந்தது 47.9 அங்குல டிரைவர். கடைசி நாள் 16ஆம் குழியில் 366 யார்டு அடித்தார். இவ்வளவு நீளத்துக்குத் தலை இலகுவாக இருந்தால்தான் கிளப்பை ஒழுங்காகச் சுழற்ற முடியும். நீள டிரைவர்களுக்கென்றே இலகுவான தலைகள் செய்கிறார்கள். தூரம்தான் முதல் நோக்கம் என்று முடிவெடுத்தால், மேலே பார்த்த சமதளத்தின் இலகுவான பக்கத்தில் நின்றுகொண்டு மிச்சத்தை நீளத்தில் செலவழிப்பதுதான் வழி. நடு முகத்தில் அடிக்கும் திறமை அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 முதல் டூர் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் போக முடியாது.

யார் கூட்டிப் பார்க்கலாம், எப்படி அளப்பது

மேலிருந்து அவசரமாக இறங்குபவர்கள், தலை எங்கே இருக்கிறதென்றே கையில் தெரியவில்லை என்பவர்கள், ஷாஃப்ட்டைக் குட்டையாக்கியவர்கள், மிக இலகுவான ஷாஃப்ட்டுக்கு மாறியவர்கள்: இவர்களுக்கு 4 முதல் 8 கிராம் கூட்டிப் பார்ப்பது பயன் தரலாம். எடை தாளத்தை நிதானமாக்கி, அடி நடுவுக்கு வரும் என்பதற்காக. ஏற்கெனவே சுற்றின் பிற்பகுதியில் கைகள் தளரும் நிலையில் இருப்பவர், 14ஆம் குழியில் மே மாத வெயிலில் என்ன ஆகிறார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பயிற்சி ரேஞ்சில் முதல் பத்து பந்துக்குக் கிடைக்கும் வேகம் அங்கே இருக்காது.

அளக்கும் விதத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். புது எடையோடு அடித்த மிக நீண்ட பந்தைப் பழைய சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். நாம் தேடும் வித்தியாசம் சுழற்சி வேகத்தில் 0.9 மைல். சாதாரண ஆட்டக்காரரின் ஸ்விங் ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாக மாறும். ஆகவே ஒரே வகைப் பந்தை வைத்து, இரண்டு எடைகளையும் ஐந்தைந்து பந்தாக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இருபது பந்தாவது அடிக்க வேண்டும். எடையை நண்பர் ஒருவர் மாற்றட்டும், எது மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல். முகத்தில் பவுடர் ஸ்பிரே அடித்து, படும் இடங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் வேகத்தை அளக்கும் கருவியில்) பந்து வேகத்தின் சராசரியையும், இடம் வலமாகப் பரவும் அகலத்தையும் பாருங்கள். தவறிய அடிகளை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டாம். எடை மாற்றம் உதவ வேண்டியதே அந்த அடிகளுக்குத்தான்.

அதே டிரைவருக்கென்று தயாரிப்பாளர் விற்கும் எடையையே வாங்குங்கள், கொடுத்திருக்கும் டார்க் சாவியால் (இறுக்கத்தை அளவோடு நிறுத்தும் சாவி) சத்தம் வரும்வரை இறுக்குங்கள். கடையில் எடை கிடைக்கவில்லை என்றால் ஈயப் பட்டை போதும். அரை அங்குல அகலப் பட்டையில் சுமார் 4 அங்குலம் 2 கிராம் வரும். சோதனைக்கு அதுதான் இன்னும் வசதி, பின்னால், ஹீலில், டோவில் என்று ஒட்டி எடுக்கலாம். போட்டிச் சுற்று தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். சுற்றின் நடுவே வேண்டுமென்றே எடையை மாற்றி அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம்தான்.

இன்னொன்று. கனமான எடையைச் சோதிக்கும் அதே நாளில், இப்போது இருப்பதைவிட 4 கிராம் இலகுவானதையும் சோதியுங்கள். பந்து வேகத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் வராமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. வராவிட்டால், முகத்தில் எடுத்த படங்களில் தடயங்கள் எந்த எடைக்கு நடுவில் கூடி இருக்கின்றனவோ அதையே மாட்டி வையுங்கள்.